எட்டுத் திசைக் காலடிகள்

பதினாறு வண்ணத்தில் விளக்கு எரியுமாம். பார்வை போன மனிதனின் தலையில் மாட்டப்போகிற ஹெட்செட்டுக்குப் பதினாறு வண்ணம். அதுவும் காதுக்கு வெளிப்புறத்தில் எரியுமாம். கண் நன்றாகத் தெரிகிறவன் மாட்டிக்கொண்டால்கூட அவனுக்கு அது தெரியாது, எதிரே உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் தெரியும். சிங்காரவேலு ஸ்டூலில் உட்கார்ந்தபடி இதை மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார், மடத்தனத்தின் சுற்றளவை முழம் போட்டு அளக்கிறவர் மாதிரி. சொன்னவன் கடைக்காரன் தினகர். முப்பத்தைந்துக்குள் இருக்கும், குரலில் அவ்வளவுதான் கனம். ஏலக்காய் மென்றுகொண்டே பேசுகிறான், இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தடவை நாக்கைச் சொடுக்குகிறான். ரிச்சி தெருவில் இப்படி ஒரு நானூறு பேர் இருப்பார்கள், நானூறு பேரும் சாமானை விற்கிறார்களே தவிர ஒருவனாவது அதைக் காதில் வைத்துக் கேட்டிருப்பானா? மாடிக்கு ஏறும்போது படி பதினெட்டு, ஏழாவது படி மட்டும் அரை அங்குலம் தாழ்வு. கட்டினவனும் இவனுக்கு அண்ணன் தம்பியாகத்தான் இருக்கவேண்டும். "மேடம், சார் எதுக்குக் கேக்கறாரு? போன் பேசவா, பாட்டு கேக்கவா?" என்று தினகர் கேட்டது தையல்நாயகியிடம். சார் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார், காதுக்குச் சாமான் வாங்க வந்த கடையில் அவருக்குக் காது இல்லாதது போலப் பேசுகிறான். "கேம் ஆடறதுக்குப்பா" என்றாள் தையல்நாயகி. "பேரனுக்கா?" "இல்லப்பா, இவருதான்." மூன்று நொடி சத்தமில்லை. சிங்காரவேலு எண்ணினார். எங்கே போனாலும் இந்த இடத்தில் இரண்டரையிலிருந்து நான்கு நொடி வரும். "சாரா... கேமா? எப்படி மேடம்?" "அவரையே கேளுப்பா, வாய் இருக்கு. ஆனா பேச மாட்டாரு. என்கிட்ட சொல்லுவாரு, நான் உன்கிட்ட சொல்லுவேன். கட்டினதுலேர்ந்து இதான் பொழப்பு." தினகர் சிரித்தான். சிரிக்கட்டும்.

பேசத் தெரியாமல் இல்லை. புது ஆட்களிடம் பேச ஆரம்பித்தால் முதல் வார்த்தை தொண்டையில் குறுக்கே நின்றுவிடும், அவ்வளவுதான். எட்டாம் வகுப்பில் வாத்தியார் எழுப்பி நிறுத்தி விடை கேட்டபோதும் நின்றது. விடை தெரியும், நாற்பத்தெட்டு. வாய் வரவில்லை. ஒன்பதாவதுக்குப் போகவில்லை. அயனாவரத்தில் மாவு மில் வைத்த இருபத்தேழு வருஷமும் அந்தத் தொல்லை இல்லை, மெஷின் ஓடுகிற இடத்தில் யாரும் யாரிடமும் பேச எதிர்பார்க்க மாட்டார்கள். தூக்கில் எத்தனை படி, கோதுமையா கேழ்வரகா, நைஸா திப்பியா, விரலால் காட்டினால் போதும். நாற்பது வயதில் அந்தி சாய்ந்தால் கண் மங்க ஆரம்பித்து, ஐம்பத்திரண்டில் வெளிச்சத்தை வெளிச்சம் என்று மட்டும் அறிகிற அளவுக்கு வந்து நின்றது. விழித்திரை உதிர்கிறது என்றார் டாக்டர், சுவரில் காரை உதிர்வதைச் சொல்கிற மாதிரி. மில்லைக் கொடுத்துவிட்டுப் பார்வையற்றோர் சங்கத்தில் கணினி படிக்கப் போன இடத்தில்தான் அந்த விளையாட்டு வந்து ஒட்டிக்கொண்டது. திரையில் படமே கிடையாது, எல்லாம் ஓசை. நான்கு பேர் ஓர் அணி, எதிரணி நான்கு பேர், ஒரு பாழடைந்த கோட்டை. எதிரியின் காலடி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கேட்டுச் சுட வேண்டும். தப்பாகத் திரும்பினால் செத்தான். அறுபத்தோரு வயதில் துப்பாக்கி விளையாட்டா என்று தையல்நாயகி முதல் மாதம் சிரித்தாள், மச்சினர்கள் இன்னும் சிரிக்கிறார்கள். இரண்டு கண்ணையும் வைத்துக்கொண்டு கைப்பேசியில் மிட்டாய் உடைத்துக்கொண்டிருக்கிற கூட்டம் அது. அவர்கள் சிரிப்புக்குப் பதில் சொன்னால் தனக்குத்தான் கேவலம் என்று சிங்காரவேலு விட்டுவிட்டார்.

ஆனால் ரெஜினா டீச்சரை அப்படி விட முடியாது. அணித் தலைவி அவள்தான். நாகர்கோவிலில் இருக்கிறாள், பிறவியிலேயே பார்வையில்லை, பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறாள். ஆட்டம் என்று வந்துவிட்டால் இரக்கம் என்ற சொல்லே அவளிடம் கிடையாது. நான்கு பேரில் சிங்காரவேலு நிற்கிற இடம் பின்வலது. அணிக்குப் பின்னால் வலப்பக்கமாக வருகிறவனை முதலில் கேட்கவேண்டியது அவர். மூன்று வருஷமாக அந்த மூலையில் ஒரு ஈ நுழைந்ததில்லை. ஆறு வாரமாக அங்கேதான் எல்லோரும் நுழைகிறார்கள். போன ஞாயிறு ஒரே ஆட்டத்தில் ஐந்து தடவை அவரைச் சுட்டுப் போட்டு, அவர் பிணத்தைத் தாண்டி வந்து டீச்சரையும் சுட்டார்கள். "அண்ணாச்சி, ஒங்க வாசல்ல என்ன, கதவைத் தொறந்து வச்சிட்டு ஒறங்குதியளா?" என்றாள். ஹெட்செட் போய்விட்டது என்றார். வலப்பக்கம் சன்னமாகக் கேட்கிறது, ஸ்பீக்கர் தேய்ந்துவிட்டது என்றார். "அப்பம் வேற வாங்குங்க. வெள்ளிக்கிழமை பயிற்சி அறையில நாப்பது காலடி ஓட்டி எனக்கு எண்ணிக்கை சொல்லணும். முப்பத்தஞ்சு வந்தா ஞாயித்துக்கிழமை இறுதி ஆட்டத்துக்கு நீங்க. அதுக்குக் கீழ வந்தா மனசு வருத்தப்படாதீங்க, இருந்துக்கிடுங்க, வேற ஆளு இருக்காவ." இருந்துக்கிடுங்க. திண்டுக்கல்லில் யாரோ ஒரு காலேஜ் பையனைத் தயாராக வைத்திருக்கிறாள். அவன் வாயாலேயே ஆடுகிறவன், காலடி வருமுன்பே கத்துவான். அந்தக் குரங்கு தன் மூலையில் நிற்பதை நினைத்தால் சிங்காரவேலுவுக்குச் சோறு இறங்கவில்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மணி பதினொன்றேகால் இருக்கும்.

"செவன் பாயிண்ட் ஒன் மேடம். ஏழு ஸ்பீக்கர் ரூம்ல வச்ச மாதிரி கேக்கும். முன்னாடி, பின்னாடி, சைடு, எல்லாம் சுத்திச் சுத்தி வரும்." சிங்காரவேலு தையல்நாயகி பக்கம் தலையைச் சாய்த்தார். "உள்ள எத்தனை ஸ்பீக்கர்னு கேளு." "உள்ள எத்தனை ஸ்பீக்கர்ப்பா?" "ரெண்டுதான் மேடம். ஆனா..." ஆனாவாம். காது இரண்டு, ஸ்பீக்கர் இரண்டு, மீதி ஐந்தும் அந்தப் புள்ளி ஒன்றும் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. இது தெரிவதற்கு எஞ்சினியர் ஆகவேண்டியதில்லை, எட்டாவது போதும். திசையை விளையாட்டே இரண்டு காதுக்கும் பிரித்துச் செய்து அனுப்பிவிடுகிறது. அதன்மேல் இவன் ஏழு ஸ்பீக்கர் வேஷத்தைக் கொட்டினால் அரைத்த மாவை மறுபடி உமியோடு கலக்கிற கதைதான். "அந்தச் சுத்துற சத்தத்தை முதல்ல அணைக்கச் சொல்லு" என்றார். "அதுக்குத்தானே மேடம் ஜனங்க வாங்குறதே!" என்றான் தினகர், உண்மையாகவே மனம் நொந்தவனாக. ஜனங்கள். சிங்காரவேலு துணிப்பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து மடியில் வைத்துப் பயிற்சி அறையைத் திறந்தார். எட்டுத் திசை. நேர் எதிரே ஒன்று, அங்கிருந்து வலமாகச் சுற்றி, நேர் வலது மூன்று, முதுகுக்குப் பின்னால் ஐந்து, நேர் இடது ஏழு. ஒவ்வொரு திசையிலிருந்தும் ஐந்து தடவை, வரிசை கலைத்து, மொத்தம் நாற்பது காலடி. அவர் எண்ணைச் சொல்லுவார், திரையில் சரியான எண் வரும், தையல்நாயகி நோட்டில் சரியோ தப்போ போடுவாள். கடையில் எடுத்துக்கொடுக்கிற எந்தச் சாமானையும் அவர் கேட்டுவிட்டு நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. எண்ணித்தான் சொல்வார். நன்றாயிருக்கிறது என்பது சோம்பேறிகளின் எண்.

முதல் ஹெட்செட் தலையை இடுக்கி மாதிரிப் பிடித்தது. நாற்பதுக்கு இருபத்திநான்கு. "வலது கம்மி" என்றார். இரண்டாவது, காதைச் சுற்றிப் பஞ்சு மெத்தை, இரண்டு நிமிஷத்தில் உள்ளே வேர்த்து வழிகிறது. இருபத்தொன்று. "இதுவும் வலது கம்மி. என்ன சாமான் செய்யறானுங்க." மூன்றாவது, பதினாறு வண்ணம். இருபத்திமூன்று. வலது கம்மி. நேர் எதிரே வருகிறவன் கொஞ்சம் இடதாக ஒதுங்கி வருகிறான், வலது முன்னால் வரவேண்டியவன் நேர் எதிரே வந்து நிற்கிறான், நேர் வலது ஏதோ கதவுக்கு அந்தப்புறம் நடக்கிறது. மூன்று கம்பெனி, மூன்றிலும் அதே குறை. உலகத்தில் தராசு முள்ளை ஒழுங்காக நிறுத்தத் தெரிந்தவன் ஒருவன்கூட மிச்சமில்லையா? மில்லில் கல் ஒரு நூல் தள்ளி உட்கார்ந்தால் அன்றைக்கு மாவை விற்கமாட்டார் அவர். இங்கே பக்கத்து ஸ்டூலில் யாரோ ஒருத்தன் ஒரே நிமிஷத்தில் "சூப்பர் ப்ரோ, பேஸ் செமயா இருக்கு" என்று எழுந்து போகிறான். இடிக்கிற சத்தம் பெரிதாக இருந்தால் போதும் இந்தப் பிறவிகளுக்கு, கல்யாண வீட்டில் மேளக்காரன் பக்கத்தில் போய் உட்காருகிற ஜாதி. போகிற போக்கில் அவன் தையல்நாயகியிடம் "பாவம் ஆன்ட்டி, இந்த வயசுலயும் ட்ரை பண்றாரு" என்று வேறு சொல்லிவிட்டுப் போனான். பாவமாம். கோட்டைக்குள் வந்தால் பதினொரு நொடியில் அவன் கதையை முடித்துவிடலாம். முடித்துவிடலாமா, இப்போது? அவன் வலப்பக்கமாக வந்தால்? சிங்காரவேலு அந்தக் கேள்வியைத் தட்டிவிட்டார். அது ஈ மாதிரி எழும்பி, ஒரு சுற்று சுற்றி, அதே இடத்தில் உட்கார்ந்தது.

அதனால்தானோ என்னவோ அண்ணன் ஏகாம்பரம் ஞாபகத்துக்கு வந்தார். காதில் மெஷின் வைத்திருக்கிற அண்ணன். விசேஷ வீட்டில் பந்தி நடுவே அந்த மெஷின் விசில் அடிக்கும், எல்லோரும் குக்கர் என்று திரும்பிப் பார்ப்பார்கள், அவருக்கு மட்டும் கேட்காது. ஆ? ஆ? என்பார். சாம்பார் வேண்டுமா என்றால் பரவாயில்லை, நேத்துத்தான் வந்தேன் என்பார். பேசுகிறவன் வாயையே பார்ப்பார். பாதி கேட்டு மீதியை வாய் பார்த்து நிரப்புவார். சிங்காரவேலு அதை நடித்துக் காட்டி வீட்டில் சிரிக்க வைத்திருக்கிறார். வாயே திறக்காத மனிதர் அந்த ஒரு நடிப்புக்கு மட்டும் திறப்பார். அண்ணனுக்காவது பார்க்க வாய் இருக்கிறது. பார்ப்பதற்குக் கண் இருக்கிறது. அது இல்லாத ஒருத்தனுக்கு... சட்டென்று கையை நீட்டி, "அடுத்தது" என்றார், தேவைக்கு மேல் சத்தமாக. ஏன் இப்போதெல்லாம் தேவைக்கு மேல் சத்தம் வருகிறது?

நான்காவது லேசாக இருந்தது. தினகர் கையில் கொடுத்தான், அவரே மாட்டிக்கொண்டார், காதுக்கு ஒரு சிரமமும் தராத பஞ்சு. முதலிலேயே சொன்னார், "இதுவும் வலது கம்மி." "ஓட்டித்தான் பாருங்களேன், மாட்டின உடனேயா?" என்றாள் தையல்நாயகி. ஓட்டினார். காலடி கேட்டது, வலப்பக்கம் சன்னமாகத்தான், எண்ணைச் சொன்னார். பத்துக்கு மேல் போனபோது அவள் பேனா நின்றுவிட்டது. "என்னங்க நீங்க, மூணுன்னா ஏழுங்கறீங்க, ஏழுன்னா மூணுங்கறீங்க. தூக்கம் வருதா?" இடதையும் வலதையுமா? தானா? தினகர் குனிந்து பார்த்துவிட்டு நாக்கைச் சொடுக்கினான். "மேடம், சார் மாத்தி மாட்டியிருக்காரு! இது லெஃப்ட்டு, ரைட் காதுல கெடக்குது. இதோ எழுத்து போட்டிருக்கான் பாருங்க." சிரித்தான், அவளும் சிரித்தாள். எழுத்து. சிங்காரவேலு எழுத்தைப் பார்த்தா மாட்டுவார்? பேசுகிற மைக் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அது இடது. ஊர் உலகத்தில் எல்லா ஹெட்செட்டுக்கும் அதுதான் வழக்கம். விரல் மைக்கைத் தேடும், கிடைத்ததும் அதை இடது கன்னத்துக்குக் கொண்டுவந்து மாட்டும். ஆயிரம் தடவை மாட்டியிருக்கிறார். இந்த நான்காவதில் மைக் தனியாகக் கழற்றிப் பெட்டியில் கிடக்கிறது, பையன்கள் தெருவில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போவதற்கு வசதியாம். மைக் இல்லாமல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழவழவென்று இருக்கிறது. ஒரு புள்ளி, ஒரு கோடு, தடவினால் தெரிகிற மாதிரி வைத்தால் கம்பெனி குடியா முழுகிவிடும்? எழுத்து அச்சடித்திருக்கிறான் எழுத்து. இந்தக் கேவலத்தை நாகர்கோவிலில் கேட்டால் ஒரு மாசத்துக்குச் சிரிப்பாள் டீச்சர்... என்று திட்டிக்கொண்டே போன மனம் ஓர் இடத்தில் துணி முள்ளில் மாட்டின மாதிரி நின்றது.

மாற்றி மாட்டியிருக்கிறது. அப்படியென்றால் வலது ஸ்பீக்கர் அவருடைய இடது காதில் இருந்தது. மூன்று ஹெட்செட்டிலும் கம்மியாக இருந்த அந்த வலது. நான்காவதிலும் வலது கம்மி என்று மாட்டினவுடன் சொன்னாரே, அப்போது அவர் வலது காதில் இருந்தது இடது ஸ்பீக்கர். சிங்காரவேலு மில்லில் கல்லைக் கழற்றுகிற நிதானத்தோடு மறுபடி ஆரம்பத்திலிருந்து எண்ணினார். குறை சாமானில் இருந்தால், சாமானைத் திருப்பினால் குறையும் திரும்பவேண்டும். திரும்பவில்லை. குறை மடிக்கணினியில் இருந்தால், கணினியின் வலது ஓசை இடது காதுக்குப் போனபோது இடது காதில் கம்மியாகக் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. சரி, ஒருவேளை இந்த ஒன்றில் மட்டும் இடது ஸ்பீக்கர் குறையோ? அதற்கும் வழி இருக்கிறது. கழற்றினார், திருப்பினார், மாட்டினார். நேர் எதிரே வருகிற காலடியை மட்டும் தனியாக ஓட்டினார். இடதாக ஒதுங்கி வந்தது. மறுபடி கழற்றித் திருப்பி மாட்டினார். இடதாக ஒதுங்கி வந்தது. எதிரே வருகிறவன் பிடிவாதக்காரன், எப்படித் திருப்பினாலும் இடப்பக்கம்தான் ஒதுங்குகிறான். ஹெட்செட்டில் தப்பில்லை, கணினியில் தப்பில்லை. மூன்று பேரில் இரண்டு பேர் குற்றவாளி இல்லை என்று ஆகிவிட்டால் மூன்றாவது ஆள் யார் என்று எண்ண எட்டாவது தேவையில்லை, இரண்டாவது போதும்.

மில்லில் அவர் நிற்கிற இடம். மாவு கொட்டுகிற வாயில் வலது கையை வைத்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உரசிப் பார்த்துக்கொண்டே நிற்பார், இருபத்தேழு வருஷம். அப்போது மெஷின் எந்தப் பக்கம்? எந்தப் பக்கம் என்று கேட்கிற அளவுக்கு மடையனா? வலது கை மாவு வாயில் இருந்தால் வலது காது எங்கே இருக்கும்? ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம். பஞ்சு வைத்துக்கொள் என்று பக்கத்து எண்ணெய்க் கடைக்காரர் சொன்னார். பஞ்சு வைத்தால் கல் உரசுகிற சத்தம் தெரியாதே என்று அந்த மனிதரை அப்போதும் மனதுக்குள் மட்டமாகத்தான் நினைத்தார். யாரைத்தான் நினைக்கவில்லை. கண் போனபோது ஒரு காரியம் செய்தார், யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே உட்கார்ந்து, என்ன மிச்சம் என்று எண்ணினார். காது இரண்டு, கை இரண்டு, கால் இரண்டு. எண்ணின பிறகுதான் சாப்பிட்டார். இப்போது ஒன்று குறைகிறது. ஒன்றா? இது இத்தோடு நிற்குமா? கண்ணும் ஒரே நாளில் போகவில்லை, முதலில் அந்தி போனது, பிறகு ஓரங்கள் போயின, பிறகு எதிரே நின்ற தையல்நாயகியின் நெற்றிப் பொட்டு போனது. கடையில் திடீரென்று இத்தனை சத்தம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. மின்விசிறி, பில் அடிக்கிற கருவி, கீழே ஆட்டோ, எல்லாம் இடப்பக்கத்திலிருந்து. வலப்பக்கம் ஜமுக்காளம் போட்டு மூடினதுபோல. ரிச்சி தெருவில் பாதி எங்கே போனது? பூஜ்யத்துக்கு முன்னால் எத்தனை எண் இருக்கிறது என்று யாராவது சொல்ல முடியுமா, ஏகாம்பரம் அண்ணனுக்கு எத்தனை வருஷம் ஆனது, ஆறா, ஏழா? அதைக்கூட எண்ணி வைக்காமல் நடித்துக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"தையலு." "ம்." இடப்பக்கத்திலிருந்து வந்தது. பொங்கலுக்கு முன்வரை அவள் அவருடைய வலது முழங்கையைப் பிடித்துத்தான் நடப்பாள், அப்புறம் ஒருநாள் இடப்பக்கம் மாறிக்கொண்டாள். தோள் வலி என்றாள். சாப்பிடும்போதும் இடப்பக்கம். மருந்துக் கடையிலும், இங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தபோதும். தோள் வலி உள்ளவள் தண்ணீர்க் குடத்தை எந்தத் தோளில் தூக்குகிறாள் என்று அவர் எண்ணிப் பார்த்திருக்கவேண்டும். எண்ணுகிறவர் என்று பெயர் மட்டும். "உனக்குத் தெரியுமா?" என்றார். எது என்று அவள் கேட்கவில்லை. "தைலேர்ந்து" என்றாள். "ஏன் சொல்லல?" "சொன்னா? மிக்ஸி சரியில்லைம்பீங்க, டிவி சரியில்லைம்பீங்க, எனக்குத்தான் தொண்டை கட்டியிருக்குதும்பீங்க. டிவிய ரெண்டு தடவ ரிப்பேருக்குக் குடுத்தீங்க, ஞாபகம் இருக்கா? அந்த ஆளு நல்லாத்தான் இருக்குதுன்னான், திருடன்னீங்க." தினகர் நாக்கைச் சொடுக்கவில்லை. வெளியே போய்விட்டானா? ஏலக்காய் வாசனை அங்கேயேதான் இருந்தது. எல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கிறான். மூன்று சாமானைப் பழித்தது, நான்காவதை மாட்டினவுடன் பழித்தது, எல்லாவற்றையும் கேட்டவன். இந்த இடத்தில் சிங்காரவேலு அவனாக இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பார் என்பது சிங்காரவேலுவுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வார்த்தை விடாமல் தெரியும்.

"சார்" என்றான் தினகர். முதல் தடவையாக மேடம் இல்லாமல். "கம்ப்யூட்டர்லயே ரெண்டு பக்கமும் தனித்தனியா வைக்கலாம் சார். நிறைய பேருக்குச் செஞ்சு குடுத்திருக்கேன்." இதை அவர் அறியாதவரா? எந்தப் பட்டியலில் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்றுகூடத் தெரியும். எதற்காக என்று யோசித்ததில்லை, யாரோ செவிடர்களுக்காக வைத்திருக்கிறார்கள் என்று தாண்டிப் போவார். தையல்நாயகி பக்கம் தலையைச் சாய்த்தார், வழக்கப்படி. அவள் ஒன்றும் கேட்கவில்லை, நோட்டுப் பக்கம் புரட்டுகிற சத்தம். வேண்டுமென்றேதான் செய்கிறாள். தொண்டையில் வார்த்தை குறுக்கே நின்றது. தள்ளினார். "வலது... ஏத்துங்க." "வலது ஏற்கெனவே நூறு சார். அதுக்கு மேல ஏறாது. இடதைத்தான் இறக்கணும்." நல்ல காதை இறக்கவேண்டும். மிச்சமிருக்கிற ஒன்றை. "இறக்குங்க." "எவ்வளவு சார்?" "நேர் எதிரே வர்றவன் நடுவுல வர்ற வரைக்கும். ஒவ்வொண்ணா. எண்ணைச் சொல்லிக்கிட்டே." தொண்ணூறு என்றான். காலடி இடதாக வந்தது. எண்பத்தைந்து. இடது. எழுபத்தைந்தில் ஒரு கணம் போதும் என்று சொல்லிவிடலாமென்று இருந்தது. எழுபத்தைந்து கௌரவமான எண், வயதுக்கு ஏற்றது என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம். "இன்னும்" என்றார். அறுபது. "இன்னும்." ஐம்பது என்று சொல்லும்போது தினகர் குரலைத் தாழ்த்திக்கொண்டான். அந்தத் தாழ்த்தல்தான் சுட்டது. "சத்தமா சொல்லுங்க, கூச்சப்படாதீங்க" என்றார் சிங்காரவேலு, வாழ்நாளில் பிறருக்கு அதைச் சொல்லியிராதவர். நாற்பத்தெட்டு. நாற்பத்தைந்து. நாற்பத்திரண்டில் காலடி கொஞ்சம் மங்கலாக, பழைய தூரத்திலிருந்து, இரு புருவத்துக்கும் நடுவே வந்து நின்றது.

"நாற்பது ஓட்டுறேன், போடு" என்றார். மாற்றி மாட்டாமல் இருக்கத் தினகர் இடது காதின்மேல் அவர் விரலை வைத்துக் காட்டியிருந்தான். சத்தம் முழுக்கத் தணிந்திருந்தது. கூர்ந்து கேட்டதில் நெற்றிப்பொட்டு வலித்தது. பின்வலது, நான்கு, ஐந்து தடவையில் மூன்று தடவை கிடைத்தது. கிடைக்காத இரண்டும் காதோரம் ஏதோ பட்டுத் துணி நகர்ந்த மாதிரி நகர்ந்து, எது என்று பிடிக்குமுன் போய்விட்டது. முடிந்ததும் பேனா ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போவது கேட்டது. அவள் இரண்டாம் தடவை எண்ணுகிறாள் என்பதிலேயே தெரிந்துவிட்டது. "முப்பத்தொண்ணு" என்றாள். பிறகு, "முன்னத்த விட ஏழு ஜாஸ்தி." நான்கு குறைச்சல் என்பதை அவள் சொல்லவில்லை. "இன்னிக்குத்தானே வச்சிருக்கு சார், பழகிட்டா ஏறும்" என்றான் தினகர். அவனை ஏசுவதற்கு எதுவும் கிடைக்கவில்லை. தேடினார், கிடைக்கவில்லை. "இதையே எடுத்துக்கறேன்" என்றார். "இடது பக்கத்துல ஒரு துண்டு டேப் ஒட்டிக் குடுங்க, விரலுக்குத் தட்டுற மாதிரி." அவன் டேப்பைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. தையல்நாயகி குனிந்து, இடது காதோரமாக, "முப்பத்தஞ்சுன்னு சொல்லிடுங்களேன்" என்றாள். "நோட்டு என்கிட்டதானே இருக்கு. நாகர்கோயில்லேர்ந்து வந்து எண்ணிப் பார்க்கப்போறாளா அந்தம்மா? ஒரு ஆட்டம். ரெண்டு நாள்ல பழகிடும்." பழகலாம். டீச்சருக்குத் தெரியாது, அந்தத் திண்டுக்கல் குரங்குக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பின்வலதில் நின்று ஐந்துக்கு இரண்டு பேரை உள்ளே விடுவார், விட்டது அவருக்கே தெரியாது. சங்கத்தில் நோட்டில் கூட்டி எழுதினவர்கள், தராசில் விரல் வைத்தவர்கள், இத்தனை வருஷமாக யாரையெல்லாம் மனதுக்குள் காறித் துப்பினாரோ அத்தனை பேரும் வரிசையில் வந்து அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். சிங்காரவேலு கைப்பேசியை எடுத்து டீச்சரின் பெயருக்குப் போய், குரல் பதிகிற பொத்தானை அழுத்திப் பிடித்தார். கடையில் புதிதாக யாரோ வந்து நின்றார்கள், எத்தனை பேர் என்று அவரால் சொல்ல முடியவில்லை. "டீச்சர், சிங்காரவேலு பேசறேன். ஹெட்செட்டு நல்லாத்தான் இருந்துச்சு, பழசும் நல்லாத்தான் இருந்துச்சு. என் வலது காதுதான். இடதை நாற்பத்திரண்டுக்கு இறக்கி வச்சு ஓட்டினேன். நாற்பதுக்கு முப்பத்தொண்ணு. நாலாம் எண்ணு அஞ்சுக்கு மூணு. ஞாயித்துக்கிழமை அந்தப் பையனை நிப்பாட்டிக்குங்க." பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். போய்விட்டது.